சிவப்புக் கூடையைக் காணோம்

அக்காவும் தங்கையும் நடத்தும் பேக்கரியின் பின்னறையில், மாவு பிசையும் மேசைக்கு மேலே, சுவரில் ஒரு போன் மாட்டியிருக்கும். கடைக்குப் பொதுவான போன். மாவுத்தூள் படாமல் மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்டு, பெரியவளின் முகத்துக்கு நேராக வரும்படி ஒரு தாங்கியில் அதை மாட்டிக் கொடுத்தவர் அவள் வீட்டுக்காரர். முகத்துக்கு நேராக என்றால் பார்க்க வசதியாக என்று யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது. அது மூக்குக்கு எட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பெரியவளுக்கு வேலை நேரத்தில் கை கிடையாது. இரண்டும் முழங்கை வரை மாவில் இருக்கும். ரொட்டித் தட்டை ஓவனுக்குள் தள்ளியதும் டைமரைத் தட்டிவிட வேண்டும். அதற்காகக் கையைக் கழுவி, துடைத்து, தட்டிவிட்டு, மறுபடி மாவில் கை வைப்பதற்குள் இன்னொரு தட்டு உருட்டிவிடலாம் என்பது அவள் வாதம். ஆகவே தாங்கிக்கு முன்னால் போய் நின்று மூக்கு நுனியால் ஒரு தொடு தொடுவாள். டைமர் ஓடத் தொடங்கிவிடும்.

"மூக்கை முகத்துக்கு நடுவுல துருத்திக்கிட்டு வெச்சிருக்கிறதே இதுக்குத்தான்" என்பாள்.

"அப்ப சளி பிடிச்சா கடைக்கு லீவா?" என்பாள் சின்னவள்.

சின்னவள் அவளுடைய தங்கை. முன்னால் கல்லாவும் வாடிக்கையாளர்களும் அவள் பொறுப்பு. பின்னால் மாவும் ஓவனும் பெரியவள் பொறுப்பு. ரொட்டியை வேனில் ஏற்றிக் கடை கடையாகப் போடுவது பெரியவளின் வீட்டுக்காரர் வேலை. தெருவே அவரை வேன்காரர் என்றுதான் கூப்பிடும். கோபம் வந்தால் பெண்டாட்டியும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தச் சிவப்புக் கூடை வரும்வரை.

போனின் முதல் பக்கத்தில் முன்பெல்லாம் ஒரே ஒரு டைமர்தான் இருந்தது. திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கால் நீட்டிப் படுத்திருந்தது. எங்கே மூக்கை வைத்தாலும் ஓடும். ஒரு நாள் சின்னவள், வீட்டிலிருந்தே கேக்குக்கும் ரொட்டிக்கும் சொல்லி அனுப்புகிற செயலி ஒன்றில் கடையைச் சேர்த்துவிட்டு வந்து நின்றாள்.

"அக்கா, உன் கடிகாரம் கொஞ்சம் தள்ளிப் படுக்கட்டும்."

"ஏன், அதுக்கு என்ன வந்தது?"

"பக்கத்துல என் கூடை உக்காரணும்."

டைமரை ஒரு கட்டத்துக்குள் சுருக்கினாள். அதன் இடப்பக்கத்தில் சிவப்புக் கூடை வந்து உட்கார்ந்தது. அதைத் தொட்டால் யார் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று தெரியும்.

பெரியவளுக்குக் கூடையின்மேல் விரோதம் இல்லை. அதற்குள்ளிருந்து வருகிறவற்றின்மேல்தான். ரயில் மாதிரி கேக் வேண்டுமாம். தொப்பி மாதிரி கேக் வேண்டுமாம். நாய்க்குப் பிறந்தநாளாம், எலும்பு மாதிரி வேண்டுமாம்.

இதையெல்லாம் சின்னவள் அக்காவிடம் கேட்கத் தேர்ந்தெடுத்த நேரமும் தனி. அக்காவின் கை மாவுக்குள்ளும் மூக்கு போனிலும் இருக்கும் நேரம்.

"அப்பதான் நீ எங்கயும் ஓட முடியாது" என்பாள். எலும்பு கேக்கையும் அப்படித்தான் கேட்டாள்.

"எலும்பு மாதிரி கேக், நாளைக்கு. சரின்னு சொல்லட்டுமா?"

பெரியவள் வேண்டாம் என்பதை வாயால் சொல்வது அபூர்வம். "ம்ஹூம்" என்று மோவாயை ஒரு தூக்குத் தூக்குவாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பால் குடி என்றாலும் மோவாய் மேலே போகும், படம் பார்க்கப் போகலாமா என்றாலும் மேலே போகும். பிறகு பாலையும் குடிப்பாள், படத்துக்கும் எல்லோருக்கும் முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பாள். எலும்பு கேக்கும் அப்படித்தான், மறுநாள் அழகாகத் தயாராகி நின்றது.

ஆனால் கூடை மட்டும் நிற்கவில்லை.

"அக்கா, என் கூடை எங்க?"

"எந்தக் கூடை?"

"நடிக்காத. காலையில போன்ல இருந்துச்சு, இப்ப இல்ல."

"உன் கூடைய நான் ஏன்டி தொடப்போறேன்?"

"நீ தொடலன்னா அதுக்குக் கால் முளைச்சுதா?"

வேன்காரர் அப்போதுதான் காலித் தட்டுகளோடு உள்ளே வந்தார். இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னைப் பாக்காதீங்க" என்றார். "எனக்குப் போன்ல எடுக்கவும் வைக்கவும்தான் தெரியும். சில சமயம் எடுக்கவும் தெரியாது."

சின்னவள் போனைத் தடவித் தடவி உள்ளே தேடினாள். செயலி பத்திரமாக இருந்தது. முதல் பக்கத்துக் கூடை மட்டும்தான் போயிருந்தது.

"ஆளு வீட்டுக்குள்ளதான் இருக்கு. வாசல்ல நிக்க வெச்சதை மட்டும் யாரோ விரட்டி விட்டிருக்காங்க" என்று சொல்லி, மறுபடி இழுத்து வந்து அதே இடத்தில் உட்கார வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடி போயிற்று. வைத்தாள். மறுபடியும் போயிற்று.

வேன்காரர் ஒன்று கவனித்தார். "கூடை போற அன்னிக்கெல்லாம் ரொட்டியும் கொஞ்சம் கறுத்துப்போகுது, பாத்தியா?"

"வீட்டுல சண்டை இருந்தா ரொட்டி எப்படி வெள்ளையா வரும்" என்றாள் பெரியவள். டைமர் அடிக்காமலே, வாசனையை வைத்து ஓடிப்போய் ஓவனைத் திறந்த நாட்கள் அவை. டைமர் ஏன் அடிக்கவில்லை என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. மனசு முழுக்கத் தங்கச்சி உம்மென்று இருப்பதிலேயே இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் சின்னவள் விஷயத்தை உடைத்தாள். வியாபாரம் ஓய்ந்த நேரம். கல்லாப் பக்கத்திலிருந்து ஒரு முக்காலியை இழுத்து வந்து போட்டுப் பின்னறையில் உட்கார்ந்தாள்.

"எதிர்ல மருந்துக்கடைக்காரம்மா என்னைக் கூப்பிடுறாங்க. அவங்க கடையில நின்னு பாத்துக்கச் சொல்றாங்க."

பெரியவளின் கை மாவுக்குள் அசையாமல் நின்றது. "எப்ப இருந்து கூப்பிடுறாங்க?"

"ரொம்ப நாளா. நான்தான் இழுத்துக்கிட்டு இருந்தேன். நாளைக்குள்ள பதில் சொல்லணும்."

"நீ என்ன சொல்லப்போற?"

"அது உன் கையிலதான் இருக்கு. இந்தக் கடையில எனக்குன்னு நான் கொண்டுவந்தது அந்த ஒரு கூடைதான். அதுக்குக்கூட நீ இடம் தர மாட்டேங்குற. வேண்டாம்னா நேரா சொல்லிடு. நான் இல்லாத நேரம் பாத்துத் தூக்கிப் போடாத."

"நான் தூக்கிப் போடலடி."

"பின்ன யாரு? அத்தானா? அவருக்கு வேன் கதவே ரெண்டாம் தடவைதான் மூடும்."

"அதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்று வெளியிலிருந்து வேன்காரரின் குரல் வந்தது.

"நாளைக்கு ஒரு நாள் பாப்பேன்" என்றாள் சின்னவள். "கூடை இருந்த இடத்துல இருந்தா, நானும் இருந்த இடத்துல இருப்பேன். இல்லன்னா அந்தம்மாவுக்குப் போன் போட்டுச் சரின்னு சொல்லிடுவேன்."

தன் சொந்தப் போனை எடுத்துக் காட்டினாள். அதன் முதல் பக்கத்தில் பச்சை நிறத்தில் மருந்துக்கடையின் பெயர் தனியாக நின்றுகொண்டிருந்தது. ஒரு தொடு தொட்டால் போதும், நேரே அந்த அம்மாவுக்குப் போய்விடும்.

பெரியவள் அந்தப் பச்சையையே பார்த்தாள். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. "உப்பு டப்பாவ இந்தப் பக்கம் தள்ளு" என்றாள்.

மறுநாள் காலை அவள் ஒரு முடிவோடு வந்தாள். கூடையை இன்று தானே காவல் காப்பது. முதல் வேலையாக ஈரத்துணி எடுத்துப் போனின் உறையைப் பளிச்சென்று துடைத்தாள். கூடை சிவப்பாகச் சிரித்துக்கொண்டு டைமருக்குப் பக்கத்தில் இருந்தது.

"ஏங்க, இன்னிக்கு யாரும் இந்த அறைக்குள்ள வரக்கூடாது."

"தட்டு எடுக்கணுமே."

"கதவுகிட்ட நில்லுங்க. நான் கொண்டுவந்து தரேன்."

"நான் குடும்பத்துக்காரன் இல்லையா?"

"அதான் முதல் சந்தேகமே."

மாவு கொண்டுவந்த ஆளை வாசலோடு திருப்பி அனுப்பினாள். மின்சார மீட்டர் பார்க்க வந்தவரைப் பின்னாலேயே நின்று, பார்த்து முடிக்கும்வரை கண் இமைக்காமல் பார்த்தாள். அவர் மீட்டரைத் தப்பாகக் குறித்துக்கொண்டு போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. சின்னவள்கூட வாசற்படியைத் தாண்டவில்லை. அங்கே நின்றபடியே வழக்கம்போல் கேட்டாள்.

"அக்கா, படகு மாதிரி ஒரு கேக். ஞாயித்துக்கிழமைக்கு. எடுக்கட்டுமா?"

அப்போது பெரியவளின் மூக்கு போனில் இருந்தது. "ம்ஹூம்" என்றாள். சின்னவள் பெருமூச்சு விட்டுக்கொண்டு கல்லாவுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நிம்மதியாகப் போயிற்று. பெரியவள் அடுத்த மாவைப் பிசைந்து மூடி வைத்தாள். திடீரென்று அந்த வாசனை வந்தது. பொன்னிறத்தைத் தாண்டிப் பழுப்புக்குப் போகிற ரொட்டியின் வாசனை. ஓடிப்போய் ஓவனைத் திறந்தாள். ஓரத்து ரொட்டிகள் கறுத்திருந்தன.

"டைமர் ஏன் அடிக்கல?"

போனைப் பார்த்தாள். டைமர் ஓடவே இல்லை. அதற்குப் பக்கத்தில் வெற்றிடம்.

கூடையைக் காணோம்.

பெரியவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். இந்த அறைக்குள் ஈ நுழைந்தால்கூட அவளுக்குத் தெரிந்திருக்கும். ஒருத்தரும் வரவில்லை. அவள் மட்டும்தான். கண்ணைச் சுருக்கி இன்னும் கிட்டே போய்ப் பார்த்தாள். காலையில் பளிச்சென்று துடைத்த உறையின்மேல் மாவு ஒரு கோடாக ஒட்டியிருந்தது. கூடை இருந்த இடத்தில் வட்டமாகத் தொடங்கி, நேராக மேலே ஏறி, திரையின் உச்சியில் போய் முடிந்திருந்தது. யாரோ வெள்ளைக் கட்டைவிரலால் கீழிருந்து மேலே இழுத்த மாதிரி.

ஓவன் கதவின் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தாள். அவள் மூக்கு நுனி வெள்ளையாக இருந்தது.

அந்த மூக்கு நேர் மூக்கும் இல்லை. சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்ததில் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்த மூக்கு. டைமர் திரை முழுக்கப் படுத்திருந்த காலத்தில் அந்தச் சாய்வு ஒரு பொருட்டாக இல்லை. சுருங்கிய பிறகோ, அவள் டைமருக்குக் குறி வைக்க, மூக்கு சில நாள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது. சரியாகத் தொட்டோமா என்ற சந்தேகத்தில், போன் லேசாக அதிரும்வரை அவள் மூக்கை எடுப்பதும் இல்லை. கூடையை அப்படி அழுத்திப் பிடித்தாலும் போன் அதிரத்தான் செய்யும். கூடை கையோடு, இல்லை, மூக்கோடு கிளம்பி வரத் தயாராகிவிடும். சரியாக அந்த நேரத்தில்தான் தங்கச்சி கேட்பாள். மோவாய் மேலே போகும். மோவாய் போனால் மூக்கு போகாமல் இருக்குமா? திரையின் உச்சியில் 'அகற்று' என்று ஒரு பெட்டி திறந்து காத்திருக்க, கூடை அதில் போய் விழும்.

"என்னக்கா கருகுது?" என்று கேட்டபடி சின்னவள் உள்ளே வந்தாள். போனைப் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"நான்தான்டி" என்றாள் பெரியவள்.

"தெரியும்." சின்னவள் ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தாள்.

"இல்ல, நான் இல்ல. மூக்கு."

"என்னது?"

"என் மூக்குதான் இத்தனை நாளா எடுத்துப் போட்டிருக்கு. எனக்கே இப்பதான் தெரிஞ்சுது."

சத்தம் கேட்டு வேன்காரரும் வந்து கதவுகிட்ட நின்றார். உள்ளே வரத் தடை இருந்ததை அவர் மறக்கவில்லை.

"அத்தான், கேட்டீங்களா? இவ்வளவு நாளா நான் இல்லவே இல்லன்னா. இப்ப மூக்கு மேல பழி போடுறா" என்றாள் சின்னவள். ஏப்ரனைக் கழற்றினாள். "வேண்டாம்னு ஒரு வார்த்தை நேரா சொல்லியிருக்கலாம்லக்கா."

"செஞ்சு காட்டுறேன், இரு. கூடைய எடுத்து வை."

சின்னவள் வேண்டாவெறுப்பாகக் கூடையைத் தேடி எடுத்து வைத்தாள். பெரியவள் தாங்கிக்கு முன்னால் நின்று, மூச்சை இழுத்துப் பிடித்து, மூக்கை வைத்தாள். செயலி திறந்துகொண்டது.

"இல்ல இல்ல, இது இல்ல."

மறுபடி வைத்தாள். இந்தத் தடவை டைமர் ஓடியது, சின்னவள் அதை நிறுத்தினாள். மறுபடி வைத்தாள். ஒன்றுமே நடக்கவில்லை. வேண்டுமென்றே மோவாயைத் தூக்கிப் பார்த்தாள், கூடை தன் பாட்டுக்கு இருந்த இடத்தில் இருந்தது.

"இத்தனை நாளா பிடுங்கிப் போட்ட மூக்கு, இன்னிக்கு ஆளுங்க முன்னாடி வெக்கப்படுது" என்றார் வேன்காரர்.

"நீங்க சும்மா இருங்க."

"சரிக்கா. விடு." சின்னவள் ஏப்ரனை மடித்து மேசை ஓரத்தில் வைத்தாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். "கல்லாச் சாவி டிராயர்ல இருக்கு. படகு கேக்குக்கு முடியாதுன்னு சொல்லிட்டேன்."

அடுத்த தட்டு ரொட்டி பொங்கி நின்றது. காத்திருக்காது. யார் கோபித்துக்கொண்டு போனாலும் ரொட்டி காத்திருக்காது. பெரியவள் என்ன சொல்வதென்று தெரியாமல், தெரிந்த வேலையைச் செய்தாள். தட்டை ஓவனுக்குள் தள்ளினாள். கதவை முழங்கையால் மூடினாள். போய் டைமருக்கு மூக்கை வைத்தாள். கண் கலங்கியிருந்ததால் எங்கே வைக்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. அதிரட்டும் என்று அப்படியே நின்றாள்.

கதவருகே போன சின்னவள் திரும்பினாள்.

"அப்ப நான் அந்தக் கடைக்குப் போகட்டுமாக்கா?"

"ம்ஹூம்."

மோவாய் மேலே போயிற்று. மூக்கும் போயிற்று. மூக்கோடு ஒட்டிக்கொண்டு சிவப்புக் கூடை தன் இடத்தை விட்டுக் கிளம்பி, திரையின் குறுக்கே நிதானமாக ஏறி, உச்சிப் பெட்டிக்குள் விழுந்து மறைந்தது.

வேன்காரர் வாசலிலிருந்தே கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"போச்சு" என்றார் வேன்காரர், கோயில் தேர் நிலைக்கு வந்ததைப் பார்த்தவர் மாதிரி. "என் கண்ணால பாத்தேன். தூக்கிட்டுப் போச்சு."

சின்னவளின் வாய் திறந்தபடி இருந்தது. முதலில் தோள் குலுங்கியது. பிறகு கைப்பை நழுவிக் கீழே விழுந்தது. முக்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏன்டி சிரிக்கிற? நான் அழுதுக்கிட்டு இருக்கேன்."

"மூக்கத் துடை அக்கா முதல்ல."

"துடைக்கக் கை எங்க இருக்கு?"

சின்னவள் எழுந்து வந்து, மடித்து வைத்த ஏப்ரனை எடுத்து அக்காவின் மூக்கைத் துடைத்தாள். கண்ணையும் துடைத்தாள். "இதுவரைக்கும் எத்தனை கேக்குக்கு வேண்டாம்னு சொல்லியிருக்க, அத்தனையும் என் கூடை தலையில விழுந்திருக்கு" என்றாள்.

"அதான் எல்லாத்தையும் செஞ்சுதானே குடுத்தேன்?"

"செஞ்ச. அதை மூக்குகிட்ட சொல்லலையே நீ."

டைமர் ஓடவில்லை என்பது அப்போதுதான் வேன்காரருக்கு ஞாபகம் வந்தது. தடையைப் பற்றிக் கவலைப்படாமல் உள்ளே வந்து, விரலால், மிகவும் ஜாக்கிரதையாக, அதைத் தட்டிவிட்டார். "எடுக்கவும் வைக்கவும் தவிர இதுவும் தெரியும் எனக்கு" என்று சொல்லிக்கொண்டார்.

சின்னவள் போனைத் தாங்கியிலிருந்து எடுத்தாள். டைமரைப் பழையபடி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கால் நீட்டிப் படுக்க வைத்தாள். கூடையை எல்லாவற்றுக்கும் கீழே, கடைசி வரிசையில் வைத்தாள்.

"இங்க உன் மூக்கு வரணும்னா நீ மண்டி போடணும்."

"அங்க அதுக்கு இடம் வசதியா இருக்குமா?"

"கூடைக்கு என்ன வசதி. விரட்டாம இருந்தாப் போதும்."

பிறகு தன் சொந்தப் போனை எடுத்தாள். முதல் பக்கத்தில் மருந்துக்கடை பச்சையாக நின்றுகொண்டிருந்தது. அதை அழிக்க விரலைக் கொண்டுபோனவள், ஏதோ தோன்றி, அக்காவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுக் குனிந்து மூக்கை வைத்தாள்.

"எப்படிக்கா செய்யுற இதை? ஒட்டவே மாட்டேங்குது."

"அழுத்திப் பிடி. அப்புறம் வேண்டாம்னு மனசார நெனை."

"நெனைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். அய்யய்யோ, ரிங் போகுது."

"உனக்கு நேர் மூக்காச்சே, அதான் அப்படியே திறந்துக்குது. கட் பண்ணுடி."

"எடுத்துட்டாங்க." சின்னவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அம்மா, வணக்கம். நான்தாங்க, எதிர்க் கடை. அந்த விஷயமாத்தான். இல்லீங்க, வரலை. மன்னிச்சுக்கங்க. அக்கா கூடாதுன்னு சொல்லிட்டாங்க. ஆமாங்க, இப்பதான் சொன்னாங்க. வாயால இல்லீங்க, மூக்கால."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். சின்னவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவிடம் திரும்பினாள்.

"மூக்குக்கு என்ன ஆச்சுன்னு கேக்குறாங்க. மருந்து ஏதாவது குடுத்து அனுப்பட்டுமான்னு."

பெரியவள் மாவில் கையை விட்டபடியே மோவாயை ஒரு தூக்குத் தூக்கினாள்.